இன்னொரு டிரைவர்

"எதையாவது தலையில கட்டணும்னே உக்காந்திருப்பீங்களா?"

வாடகைக் கார் நிலையத்தில் வரிசையாக நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவன் மட்டும் அசரவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புதான் கத்தியவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவள் பல் டாக்டர். சொந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற நேரம் பார்த்து, மலையடிவார ஊரில் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. துணைக்கு அக்காவின் கணவர், மாமா மட்டும்தான். அவரோ ரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுகிற ரகம்!

"கட்டல மேடம்... விளக்கமா சொல்றேன், அவ்வளவுதான். அடிப்படை இன்சூரன்ஸ் வாடகையிலேயே இருக்கு. ஆனா எங்கயாவது இடிச்சுட்டா, முதல் ஒரு பங்கு உங்க கையிலருந்து போகும். அதுக்கு மேல ஆகுறதைத்தான் இன்சூரன்ஸ் தரும். அந்தப் பங்கைக் குறைக்க ஒரு பாலிசி இருக்கு, மழைக்காலத்துல அது நல்லது. கண்ணாடிக்கும் டயருக்கும் தனியா ஒண்ணு. நீங்க போற ரோடு நல்ல ரோடு... அது வேண்டாம், விட்டுடுங்க."

விற்கிறவனே வேண்டாம் என்கிறானே... அவள் முதல் முறையாக அவன் கண்களைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத கண்கள். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"வெளிய பையோட நிக்கிறது அப்பாவா? அவரும் ஓட்டுறதா இருந்தா, லைசென்ஸைக் காட்டிப் பேரைச் சேத்துடுங்க. சேக்காம அவர் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, எந்தப் பாலிசியும் செல்லாது."

"நானே ஓட்டிப்பேன். எனக்குக் கை இருக்கு."

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே அவளுடைய பழைய ஒற்றைத் தலைவலியும். எதிரே வந்த விளக்குகளெல்லாம் கண்ணுக்குள் ஊசியாக இறங்கின. ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுக்கி நிறுத்தினாள்.

"நகரும்மா, நான் ஓட்டுறேன்" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா... இன்சூரன்ஸ் செல்லாது."

வேறு வழியில்லாமல் நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தது அவனேதான்.

"நான்... காலையில சண்டை போட்டேனே... தலைவலி, ஓட்ட முடியல..."

"தெரியுது மேடம். எங்க நிக்கிறீங்க? அப்பாவை ஓட்ட விடாதீங்க. நான் வர்றேன். இங்க வேலை செய்றவங்க ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லும்."

பைக்கில் தொப்பலாக நனைந்து வந்தான். பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். அப்பா ஊர்க்கதையெல்லாம் பேசினார். அவன் சளைக்காமல் 'ம்' கொட்டினான். பின் சீட்டில் கண்ணை மூடிக் கிடந்தவளுக்கு அந்த 'ம்' ஏனோ இதமாக இருந்தது... ஒரு முறை கண்ணைத் திறந்தபோது, கண்ணாடியில் அவன் பார்வை அவள் மேல்தான் இருந்தது. இருவருமே திருடர்களைப் போல விழித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமா எதிர்பார்த்தபடியே மயங்கியிருந்தார். குழந்தை பிறந்த சந்தோஷத்தில், அவனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் சொன்னாள்:

"உங்க கம்பெனிக்கு ரொம்ப நன்றி. நல்ல சர்வீஸ்!"

அவன் முகம் வாடிவிட்டது. சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டான்.

"ஏண்டி, டாக்டருக்குப் படிச்சா போதுமா? மனுஷங்ககிட்ட பேசவும் தெரியணும்" என்றார் அப்பா.

காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவன் இல்லை. அவன் இடத்தில் இருந்த பெண்ணிடம், டிரைவர் அனுப்பியதற்கு எவ்வளவு என்று விசாரித்தாள்.

"டிரைவர் அனுப்புற சர்வீஸா? அப்படி ஒண்ணே எங்ககிட்ட கிடையாதே! அவர் அன்னைக்கு அரை நாள் லீவு போட்டுட்டுல்ல ஓடினார்..."

 அன்று கிளினிக்கில் அவள் ஒருவருக்கு வலது பக்கப் பல்லுக்குப் பதில் இடது பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். மறுநாள் காலை கார் நிலைய வரிசையில் நின்றுவிட்டாள்.

"வண்டி எப்போ வேணும் மேடம்?" அவன் நிமிரவில்லை.

"வண்டி வேண்டாம்."

இப்போது நிமிர்ந்தான்.

"கம்பெனிக்கு நன்றி சொன்னேன்ல... அது தப்பு. உங்களுக்குச் சொல்லியிருக்கணும். ஏன் வந்தீங்க?"

அவன் காதுகள் சிவந்தன.

"அவ்வளவு வீராப்பா சண்டை போட்ட குரல்... ஃபோன்ல நடுங்கிச்சு. என்னால உக்காந்திருக்க முடியல."

"எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான் ஓடுவீங்களா?"

"இல்ல..." குரல் தாழ்ந்தது. "உங்களைப் பிடிச்சிருந்துச்சு. அதான்."

பின்னால் நின்ற பெரியவர் இருமினார். "அந்தப் பொண்ணு பதில் சொல்லிட்டா, எனக்கும் ஒரு வண்டி வேணும் தம்பி!"

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஓடிவிடலாமா என்றிருந்தது... ஓடவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.