காலி அறையில் கினுயோ

மலைச்சரிவில் தேவதாரு மரங்களுக்கு நடுவே இருந்த அந்த மரவீட்டு மருத்துவமனைக்கு மிசாவோ வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஈரப்பாயின் வாடை முகத்தில் அடித்தது.

"இங்கேயாவது ஒழுங்கா இரு. இனி என்னால லீவு போட முடியாது" என்றான் பெட்டியைத் தூக்கி வந்த கணவன் டெட்சுவோ.

ரயில் கதவு மூடினால் போதும், மிசாவோவுக்கு நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், இதோ செத்தோம் என்று தோன்றும். நாகோயா நகரத்து மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்ற நோய் என்றார்கள். மாத்திரை பயத்தைப் பாதி குறைத்தது. மிச்சப் பாதி அவள் வேலையைத் தின்றுவிட்டது.

டாக்டர் ஷிராகி மென்மையாகப் பேசினார். "கொஞ்ச நாள் தனியா படுத்துக் கிடங்க. புத்தகம் கிடையாது, பேச்சு கிடையாது. பயம் வந்தா விரட்டாதீங்க, ஓடாதீங்க. வந்தபடி வரட்டும், தானா வடியும். அப்புறம் தோட்டம், சமையல்னு ஒவ்வொரு வேலையா ஆரம்பிக்கலாம்."

பலர் இப்படித்தான் தேறிப்போயிருந்தார்கள். அவளுக்கும் பலித்தது. பயம் அலைபோல் எழுந்தது, அவள் அசையாமல் கிடந்தாள், அது வடிந்தது.

பிறகு ஒரு பிற்பகலில், பக்கத்து அறையைப் பிரிக்கும், மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய நடுக்கதவுக்கு அப்பால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

வேகமான, அறுந்து அறுந்து வரும் மூச்சு.

"நெஞ்சு அடைக்குது... யாராவது வாங்களேன்..."

கஞ்சி கொண்டுவந்த நர்ஸ் ஹமனோவிடம் மிசாவோ சொன்னாள். "பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களைக் கொஞ்சம் பாருங்களேன். ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

"அது காலி ரூம்." ஹமனோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? மனசு என்னென்னவோ கேட்க வைக்கும். வந்தபடி விட்டுடுங்க."

பயத்துக்கு வைத்தியம் செய்துகொள்ள வந்தவளின் பேச்சை யார் நம்புவார்கள்?

மறுநாளும் கேட்டது. இம்முறை மூச்சோடு, தரைக்கு மிக அருகில், மரத்தை நகம் கீறும் ஓசை.

மிசாவோ எழுந்தாள். நடுக்கதவை இழுத்துத் திறந்தாள்.

யாருமில்லை. படுக்கைகூட இல்லை.

பழைய வியர்வையின் புளித்த வாடை மட்டும். கதவின் அந்தப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே காகிதம் நார்நாராகக் கிழிந்திருந்தது. மரச்சட்டத்தில் கீறல்கள், கீறல்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மரச்சீவல் மெல்லச் சுருண்டு எழுந்து, பாயில் விழுந்தது.

அலறல் கேட்டு ஹமனோ ஓடிவந்தாள். கீறல்களைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"இங்க யாரு இருந்தா?" என்று கேட்டாள் மிசாவோ.

"கினுயோன்னு ஒரு டீச்சர்."

"என்ன ஆச்சு?"

"இந்த ரூம்லயே செத்துப்போயிட்டாங்க. அவங்களுக்கு நிஜமாவே இதயத்துல கோளாறு இருந்திருக்கு. யாருக்குத் தெரியும்? தினமும் செத்துட்டேன் செத்துட்டேன்னு கத்துறவங்க, ஒருநாள் நிஜமாவே கத்தினா?" ஹமனோவின் குரலில் கோபம்தான் இருந்தது. "பயம்தான், போயிடும்னு சொன்னோம். எல்லாருக்கும் அதானே சொல்றோம். இப்பல்லாம் இதயத்தைப் பரிசோதிக்காம யாரையும் சேர்க்கிறதில்ல. போதுமா?"

அன்று மாலையே ஓடிவிடலாமென்று மிசாவோ பெட்டியைக் கட்டினாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் மூச்சு மறுபடி தொடங்கியது. அவளுடைய நெஞ்சும் அதே தாளத்தில் அடித்தது.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, நடுக்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"கினுயோ டீச்சர். உங்களுக்கு நிஜமாவே வலிக்குது. நான் நம்புறேன்."

மூச்சு நின்றது.

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, அவள் முதுகுக்கு நேராக, இன்னொரு முதுகு சாய்ந்தது. குளிர்ந்த முதுகு. மிசாவோ விலகவில்லை. பயம் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, மெதுவாக இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் தேறினாள். களை பிடுங்கினாள், அரிசி களைந்தாள், மலையடிவாரக் கடைவரை தனியாக நடந்தாள். டாக்டர் ஷிராகி மகிழ்ந்துபோய் விடைகொடுத்தார். அவரிடம் கினுயோவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். கதவு மூடியது. அவள் நெஞ்சு அமைதியாக இருந்தது.

அழைத்துப்போக வந்திருந்த டெட்சுவோ எதிரே நின்றபடி சிரித்தான். "பார்த்தியா, ஒண்ணுமே இல்ல. எல்லாம் உன் பிரமைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

மிசாவோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயில் கசந்தது.

அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அடுத்த நிலையத்தில் ஏறிய முதியவர் ஒருவர் அதில் உட்காரக் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்து, அந்த வெற்று இருக்கையைப் பார்த்துத் தலைதாழ்த்தினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, நீங்க இருக்கிறதைக் கவனிக்கல. உடம்பு முடியலையா? முகம் வெளுத்திருக்கே."

"யார்கிட்ட பேசுறாரு இவரு?" என்றான் டெட்சுவோ.

மிசாவோ சற்று நகர்ந்து, தாராளமாக இடம்விட்டு உட்கார்ந்தாள்.