இரண்டு பிளக்குகள்

"எழுபத்தஞ்சாம் நம்பர் எண்ணெய்னு பாத்து வாங்குக்கான்னு…"

"சொன்னேடா, இல்லைங்கல, நான்தான்…"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ எண்பதை வாங்கிட்டு வந்தே."

"கடைக்காரன் குடுத்ததை வாங்கிட்டேன். ஊத்துறப்ப நீயாவது டப்பாவைப் பாத்திருக்கக் கூடாதா?"

"அக்கா வாங்குனா சரியாத்தான் இருக்கும்னு ஊத்திட்டேன்."

காலை 10.20. தம்பியின் மெக்கானிக் பட்டறை. லிஃப்டில் தொங்கியது அக்கா கணவரின் வாடகைக் கார். கியர் எண்ணெய் மாற்றுவதற்காக இங்கே நின்ற வண்டி அது. மறுநாள் நெடுஞ்சாலையில் கியர் பெட்டி இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு, பாலத்துச் சுவரில் மோதியது. ஓட்டிய அக்கா கணவர் பிழைக்கவில்லை.

பதினொரு நாளாகிவிட்டது. வண்டியைப் பார்க்க வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மா இன்று கோப்பை மூட வேண்டும். தவறான எண்ணெயை வாங்கியது தான்தான் என்று அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். "மகனை முழுங்கினவகிட்ட பேத்தியை அனுப்ப மாட்டோம்" என்று மாமியார் வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டார்கள்.

"எண்பதும் எண்ணெய்தானே தம்பி? ஒரே நாள்ல இறுகுமா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"சில வண்டிக்கு ஒத்துக்காது மேடம்."

"பெட்டிக்கு அடியில எண்ணெய் இறக்குற திருகு இருக்கே, அந்தக் கீழ் பிளக்கைக் கழட்டு."

தட்டில் ஒரு ஸ்பூன் கரும்பிசுக்கு விழுந்தது. அவ்வளவுதான்.

"நீ ஊத்துன ரெண்டு லிட்டர் எங்க?"

"மோதுனதுல ஒழுகியிருக்கும்."

இன்ஸ்பெக்டரம்மாவின் டார்ச் பெட்டியைச் சுற்றி வந்தது. விரிசல் இல்லை, கசிவு இல்லை. கழற்றிய பிளக்கில் புதுச் செம்பு வாஷர் மின்னியது. ஒரு சாண் மேலே எண்ணெய் ஊற்றும் பிளக். அதன் மூலைகள் மழுங்கிப் பளபளத்தன. அடியிலோ பெட்டியோடு சேரும் இடத்தில் பழைய துரு, எங்கும் அறுபடாத ஒரே வளையமாக.

10.50.

"பழைய எண்ணெயை இறக்குறதுக்கு முன்னாடி எதை முதல்ல திறக்கணும்?"

"மேல் பிளக்கை."

"ஏன்?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். "அது திறக்கலைன்னா… திரும்ப ஊத்த வழியிருக்காது."

"இந்தத் துரு வருஷக்கணக்கா அசையல. ஸ்பேனர் வழுக்கி மூலைதான் தேஞ்சிருக்கு. நீ கீழ முதல்ல திறந்து எண்ணெயை இறக்கிட்டே, மேல திறக்க முடியல. ரெண்டு லிட்டரை எந்த வழியா ஊத்துனே?"

தம்பி டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பிளக் மேல ஒரு நட்டை வெல்டிங் வச்சுத் திறக்கலாம்னு மறுநாளைக்கு விட்டேன் மேடம். அத்தான்கிட்ட இன்னொரு சாவி இருந்துச்சு. நான் வர்றதுக்குள்ள சவாரிக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு."

"போன் பண்ணி நிறுத்தச் சொல்றதுக்கென்ன?"

"பக்கத்துச் சவாரிதானே, திரும்பி வந்ததும் சத்தமில்லாம ஊத்திடலாம்னு… தெரிஞ்சா எளக்காரமாப் பேசுவாரு."

"எண்ணெய்?"

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான் டப்பால எண்பதைப் பாத்தேன். ஊத்துன மாதிரி இருக்கட்டும்னு சாக்கடையில கொட்டிட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா அக்கா எழுதிக் கொடுத்த தாளைக் கோப்பிலிருந்து உருவி அவளிடமே நீட்டினார். அதனால் போனவர் வரப்போவதில்லை. அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் கேட்டாள்.

"இதுல கையெழுத்துப் போட நான் தயங்குறப்ப, பேனாவைத் திறந்து குடுத்தது நீதானேடா?"