வட்டம் விழுந்த மருந்து

கஸ்தூரி மாத்திரையை, மருந்தின் வீரியம் பார்க்கும் வட்டமானியில் வைத்தாள். தட்டில் மங்கலாகப் படர்ந்திருந்த கிருமிப் படுகை, மாத்திரையைச் சுற்றிச் செத்துத் தெளிந்தது. அகலமான வட்டம், முதல் தரம்.

“நல்லா விழுந்திருக்கு, முழுங்குல.”

“வட்டம் நல்லாத்தான் விழுது. நான்தான் எந்திரிக்க மாட்டேங்கேன்,” என்றான் தம்பி சங்கரபாண்டி. பேருந்து ஓட்டுநர். கால் புண் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அடங்காவிட்டால் காலையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

போலி மருந்துகளுக்குப் பயந்து வீடுதோறும் வந்தது வட்டமானி. கல்யாணச் சீரில் கிரைண்டருக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். எல்லாவற்றிலும் படர்வது ஒரே தாய்க்கிருமியின் வாரிசுகள். அதை அரசுத் தரக்கூடத்தில் மருந்து வாடையே படாமல் வளர்ப்பவள் கஸ்தூரி. வெளிக்கிருமியை வட்டமானிக்குள் விடக் கூடாது என்பது அங்கே முதல் விதி.

அன்று அவள் விதியை மீறினாள். தம்பியின் புண்ணில் ஒற்றிய கிருமியைத் தட்டில் படரவிட்டு, அதே மாத்திரையை வைத்தாள். வட்டம் விழவே இல்லை.

மருந்தில் குறையில்லை. அதற்குச் சாகிற கிருமிதான் வெளியே இல்லை.

“லேய், உனக்கு வேற சீக்கு குடுக்கப் போறேன்.”

“இருக்கது பத்தாதாக்கா?”

“எல்லாரும் பாதியில மருந்தை நிறுத்தி நிறுத்தி, புண்ணுல இருக்கதுக்குக் கவசம் மாட்டிவிட்டுட்டோம். மருந்தே இல்லன்னா கவசம் வெறும் பாரம். என் பிள்ளை வெறுங்கையோட ஓடிப்போய் இடத்தைப் பிடிச்சிரும். அப்புறம் மருந்து குடுத்தா சாகும்.”

தாய்க்கிருமிக் குப்பியைப் புண்ணின் மேல் சாய்க்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“உன் பிள்ளைன்னா எனக்கு மருமகன்லா. வரட்டும்.”

மாத்திரையை நிறுத்திவைத்தார்கள்; காய்ச்சல் கொதித்தது. பிறகு மருந்தை மறுபடி தொடங்கினார்கள். புண் இறங்கியது, கால் தப்பியது.

விஷயம் பரவியது. அவளை வேலையிலிருந்து நீக்க வந்த அதிகாரியே, இருமும் மனைவிக்கு ஒரு குப்பி வாங்கிப் போனார். இப்போது தரக்கூடத்தில் மருந்தை யாரும் சோதிப்பதில்லை. சான்றிதழ் கிருமிக்குத்தான்.

நேற்று ஒரு தகப்பன், மகளைத் தோளில் சாய்த்தபடி வரிசையில் வந்தார். கஸ்தூரி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குப்பியை நீட்டினாள்.

“பயப்படாதீங்க. இது ரொம்பச் சாது.”

அவர் குப்பியைப் பற்றிக்கொண்டு கேட்டார்: “பிள்ளைக்குக் கொஞ்சம் தெளிஞ்சதும் மாத்திரையை நிறுத்திரலாம்லா?”

கஸ்தூரியின் விரல்கள் குப்பியை விடவில்லை.