ஒன்பதாம் கணினியில் ஒரு கதவு

"தொடாதீங்க!"

அய்சுலு போட்ட சத்தத்தில் கணினிக்கடைக்குள் இருந்த பத்துப் பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. திரும்ப வேண்டிய தலை மட்டும் திரும்பவில்லை. ஒன்பதாம் கணினியின் முன்னால் இருந்தவன் காதில் ஹெட்போன். அவன் கை மவுஸில்... அம்புக்குறி 'புதிய ஆட்டம்' என்ற எழுத்துகளின் மேல்...

இன்னும் ஒரே ஒரு அழுத்து. அவ்வளவுதான், எல்லாம் போயிருக்கும்.

யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் அவன் கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நிதானமான, தூக்கம் கெட்ட கண்கள். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு நீலத் தழும்பு. காயத்துக்குள் நிலக்கரித் தூள் தங்கிவிட்டால் அப்படித்தான் ஆகும். சுரங்க ஊரான கரகந்தாவில் எத்தனையோ புருவங்களில் பார்த்த தழும்புதான். இந்தக் கண்களுக்கு மேல் அது இருந்தபோது மட்டும் ஏனோ பார்வையை எடுக்க முடியவில்லை.

"கையப் பிடிக்கிறதுக்கு முன்னாடி பேரையாவது கேக்கலாமில்லங்க?"

சட்டென்று கையை விட்டாள். முகம் சிவந்தது. கோபத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அழிச்சிருப்பீங்க! 'சாம்பல் நகரம்' ஒரே ஒரு ஆட்டத்தத்தான் சேமிச்சு வைக்கும்னு தெரியாதா? புதுசா ஆரம்பிச்சா பழசு போயிடும். அது என் அண்ணன் ஆடினது."

"அப்ப உங்கண்ணன வந்து ஆடச் சொல்லுங்க. பேருந்துல துண்டு போட்டு வைக்கிற மாதிரி கம்ப்யூட்டர்ல ஆட்டத்த போட்டு வச்சா எப்படி?"

"வரமாட்டான்."

அந்த ஊரில் ஒரு பெண் அந்தக் குரலில் 'வரமாட்டான்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் ஹெட்போனைக் கழற்றினான். எழுந்து நின்றான்.

"மன்னிச்சுக்கங்க. தெரியாது. நான் தவுரேன்."

கடைக்காரர் கென்ரிக் வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு ஓடிவந்தார். "அஞ்சு நிமிஷம் வெளிய போகக்கூடாதா? ஆறு மாசமா அந்தக் கம்ப்யூட்டர ஒருத்தனுக்கும் குடுக்காம காப்பாத்தி வச்சிருக்கேன்!"

பாவம், அவரும் என்ன செய்வார்? கடையை மூடுகிறார். மாதக் கடைசியில் எல்லாக் கணினிகளையும் துடைத்து விற்றுவிடப் போகிறார். அய்சுலுவின் அண்ணன் ஆடியதைப் பிரதி எடுத்துப் பார்த்தாயிற்று. வேறு கணினியில் அது திறக்கவே மறுத்தது.

அக்டோபரில் சுரங்கத்துக்குள் இறங்கியவன் அண்ணன். உடல்கூட மேலே வரவில்லை. 'ஆட்டத்த முடிச்சிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போய் அந்த ஊர மேலேயிருந்து காட்டுறேன்' என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அய்சுலுவுக்கோ மருந்துக்கடையில் மாத்திரை எண்ணத் தெரியும். விசைப்பலகையில் ஒரு வீரனை நடக்கவைக்கத் தெரியாது.

தவுரேனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஆட வருமா?"

"சுமாரா..."

"சுமாரா வந்தா வேணாம்."

"நல்லாவே வரும்."

"அப்ப இத முடிச்சுக் குடுங்க. மூணு வெள்ளிக்கிழமதான் இருக்கு."

*

வெள்ளிக்கிழமை மதியம்தான் அவளுக்கு விடுமுறை. காலையில் அம்மா இறந்தவனுக்காக ஏழு ஷெல்பெக் பொரிப்பாள். அப்பளம் போல் மெல்லிய எண்ணெய் ரொட்டி. அதை ஏழு பேருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் இறந்தவரின் பேரைக் கேட்டு, 'இன்னாருக்குப் போய்ச் சேரட்டும்' என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தில் ஐந்து போகும். ஆறாவது கென்ரிக்குக்கு. ஏழாவதைத் தவுரேனிடம் நீட்டினாள்.

அவன் பேரைக் கேட்கவில்லை. "போய்ச் சேரட்டும்..." என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட்டான்.

'மரியாதை தெரியாத ஜென்மம்' என்று நினைத்தாள். ஆனால் அவன் ஆட ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோனது.

அப்பா... அந்த ஆட்டம்தான் என்ன ஓட்டம்! வீரன் சுவரில் கால் வைத்தால் முப்பது மாடியும் செங்குத்தாக ஓடுகிறான். உச்சியிலிருந்து குதித்தால் தெருவே அதிர்கிறது. லாரியை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைக்கிறான். எந்தக் கூரைக்கு வேண்டுமானாலும் போகலாம், எங்கும் வேலி கிடையாது. ஆறு மாதமாக வீட்டையும் மருந்துக்கடையையும் தவிர வேறெதையும் பார்க்காதவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கா?" என்றான்.

"பரவால்ல... ஐயோ, என்ன இது! செவுத்துக்குள்ள போயிட்டான்!"

"அது இந்த ஆட்டத்தோட வியாதி. மூலையில போனா கேமரா செவுத்துல மாட்டிக்கும். நமக்கு அவன் முதுகுதான் தெரியும். அப்புறம் ஒரே வேலைய நாப்பது தடவ செய்யச் சொல்லும். அப்பப்ப தரை வழியா விழுந்து காணாமப் போவான்."

"இவ்வளவு குறை இருக்கு... அப்புறம் ஏன் ஆடுறீங்க?"

"குறை இல்லாதது எதுங்க இருக்கு? உங்களுக்கே முன்கோபம் இருக்கே..."

"யாருக்கு முன்கோபம்?" என்று கேட்ட வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் சிரிப்பைத் தன் காதால் கேட்டுத் திடுக்கிட்டாள். எத்தனை நாளாயிற்று...

அண்ணன் எல்லாவற்றையும் முடித்திருந்தான். நகரமெங்கும் சிதறிக் கிடக்கும் நீல ஒளிப்பொறிகளில் பன்னிரண்டும், சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு மீட்புப் பணியும் மட்டும் பாக்கி. அதை முடித்தால்தான் வீரனுக்குப் பறக்கும் சக்தி கிடைக்கும். அதுவரை ஓட்டமும் தாவலும்தான்.

"முதல்ல பொறியெல்லாம் பொறுக்கிடலாம்" என்றான் தவுரேன். அந்த வெள்ளிக்கிழமை பொறி பொறுக்கினான். அடுத்த வெள்ளிக்கிழமையும் பொறுக்கினான். பன்னிரண்டு பொறிக்கு இரண்டு வாரமா? ஆனால் அய்சுலு கேட்கவில்லை. வியாழக்கிழமை இரவுகளில் தூக்கம் வராமல் போனதையும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்காகத்தான் போகிறேன்... அண்ணனுக்காகத்தானே?

இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பொறியும் தீர்ந்தது.

"இனிமே சாக்கு இல்ல. சுரங்கத்துக்குள்ள போங்க."

அவன் முகம் வெளுத்தது. போனான்.

சுரங்கம் எரிகிறது. வீரன் பயணிகளை ஒவ்வொருவராக வெளியே தூக்கி வருகிறான். கடைசியில் ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பின்னால் பயணச்சீட்டு விற்கும் கிழவர் தட்டிக்கொண்டே இருக்கிறார். தவுரேன் குத்துகிறான், உதைக்கிறான், தோளால் மோதுகிறான். கதவு அசையவில்லை. கடிகாரம் ஓடித் தீர்கிறது. திரை கறுக்கிறது. 'முயற்சி 59.'

"இதென்ன அநியாயம்! லாரியத் தூக்குறவனால ஒரு கதவத் திறக்க முடியாதா?"

அவன் மறுபடியும் ஆரம்பித்தான். 60. 61. 62... நெற்றியில் வியர்வை. 67-ல் விசையைத் தவறவிட்டு வீரனை நெருப்புக்குள்ளேயே ஓடவிட்டான்.

"போதும், போதும்" என்று அன்றைய ஏழாவது ரொட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இன்னிக்காவது முணுமுணுக்காம, ஒழுங்கா பேரச் சொல்லிச் சாப்பிடுங்க. பெக்கெத். பெக்கெத்துக்குப் போய்ச் சேரட்டும்னு சொல்லுங்க."

ரொட்டி அவன் வாயருகில் நின்றுவிட்டது.

"பெக்கெத்... மின்சாரம் பாக்குற பெக்கெத்தா? அக்டோபர்ல..."

"தெரியுமா அவன?"

"பேருதான் தெரியும்." ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் மீட்புப்படையில இருந்தேன். வெடிச்ச அன்னிக்கு இறங்கினது எங்க குழு. நெருப்பு பின்னாடியே வந்துச்சு. அந்தப் பக்கம் மாட்டினது மூணு பேர். பட்டியல்ல ரெண்டாவது பேரு பெக்கெத். உள்ள இருக்கிற காத்துல யாரும் உயிரோட இருக்க முடியாதுன்னு கருவி காட்டுச்சு. செவுரு எழுப்பி மூடச் சொன்னாங்க. எழுப்பினேன்."

"அவன் உயிரோட இல்லன்னு... உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு 'தெரியும்' போதும். அவன் நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான்.

"தெரியாது. அதுதான்... இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதனாலதான் யார் ரொட்டி குடுத்தாலும் பேரு கேக்க பயம். உங்ககிட்டயும் கேக்கல. தப்பு."

அய்சுலு எழுந்தாள். அந்த ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். இறந்தவன் பேரில் கொடுத்த ரொட்டியை அவன் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

வெளியே மழை. கரி படிந்த பழைய பனி கறுப்புச் சேறாகி ஓடிக்கொண்டிருந்தது. அதில் நடந்தாள். அழுகை அண்ணனுக்கா, தனக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உலகத்தில் இத்தனை ஆண்கள் இருக்கையில், அந்தச் சுவரைக் கட்டிய கைகளைப் பார்த்தா இந்த மனம் ஏங்க வேண்டும்?

*

கடைசி வெள்ளிக்கிழமை. பாதிக் கணினிகளைப் பெட்டியில் கட்டியாகிவிட்டது. ஒன்பதாம் கணினிக்கு முன்னால் காலி நாற்காலி. எதிர்பார்த்ததுதான்... ஆனாலும் வலித்தது.

தானே உட்கார்ந்தாள். வீரனைத் தட்டுத்தடுமாறி நடத்தினாள். நான்கு முறை செத்தாள்.

"அந்தக் கிழவரக் காப்பாத்தவே முடியாதும்மா" என்றார் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கென்ரிக். "ஆட்டமே அப்படித்தான் பண்ணி வச்சிருக்கான். அவர விட்டுட்டு வெளிய நடக்கணும். நடந்தா அடுத்த கட்டம் வரும்."

அவள் கைகள் நின்றன. "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? 'உள்ள ஆள் தட்டிக்கிட்டிருக்கான், விட்டுட்டுப் போகச் சொல்றியா'ன்னு என்னைத் திட்டினான். அம்பத்தெட்டு தடவ செத்தான் பிடிவாதக்காரன்."

"தவுரேன்கிட்ட?"

"அவன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். தலைய மட்டும் ஆட்டினான், முடியாதுன்னு."

நிலக்கரி நகரத்தின் இரண்டு முட்டாள்கள், ஒரே கதவில். ஒருவன் அதன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம். ஆறு மாதமாக அய்சுலுவும் அதே கதவைத்தானே தட்டிக்கொண்டிருக்கிறாள்?

கண்ணைத் துடைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே பேருந்து நிறுத்தத்தில், கூரைக்கு வெளியே, மழையில் ஓர் உயரமான உருவம் நின்றிருந்தது.

ஓடினாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"கடை திறந்ததுலருந்து... உள்ள வர எனக்கு முகம் இல்ல. நீங்க வந்தீங்களான்னு பாத்துட்டுப் போயிடலாம்னுதான்."

"பாத்தாச்சு இல்ல? உள்ள வாங்க."

அவனை ஒன்பதாம் கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளவில்லை.

"நான் ஆடுறேன். நீங்க பாருங்க."

மீண்டும் அதே சுரங்கம், அதே நெருப்பு. கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தம். தவுரேன் கண்களை மூடிக்கொண்டான். அய்சுலு மூடவில்லை. கதவுக்கு முன்னால் சற்று நேரம் வீரனை நிறுத்தினாள். 'போயிட்டு வரேன் அண்ணா...' என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு வீரனைத் திருப்பினாள். படி ஏறினாள். தட்டும் சத்தம் தேய்ந்து தேய்ந்து... நின்றது.

திரை வெளுத்தது. வீரன் வாசலில் நின்றான். அங்கேயும் மழை. கால்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின.

"கண்ணத் திறங்க."

கூரைகள், பாலங்கள், நதி... அண்ணன் காட்டுவதாகச் சொன்ன ஊர் முழுவதும் கீழே விரிந்தது. அவள் விசும்பி விசும்பி அழுதாள். தவுரேனும் அழுதான், சத்தமில்லாமல், தோள்கள் குலுங்க.

"அய்சுலு... இத சொல்ல எனக்கு உரிமை இல்ல. தெரியும். ஆனா அன்னிக்கு நீங்க என் கையப் பிடிச்சுத் தூக்கினீங்களே... அக்டோபருக்கு அப்புறம் என்னை யாரும் தொட்டதில்ல. நான் யாரையும் தொட விட்டதில்ல. அன்னிலருந்து..."

அவள் பையைத் திறந்தாள். அன்றைய ஏழாவது ஷெல்பெக் அப்படியே இருந்தது. அவன் கையில் வைத்தாள்.

"பேரச் சொல்லிச் சாப்பிடு."

'சாப்பிடுங்க' இல்லை. அவன் காதில் அது விழுந்தது.

"பெக்கெத்துக்குப் போய்ச் சேரட்டும்" என்றான், கடை முழுக்கக் கேட்கும்படி.

"போய்ச் சேரட்டும்" என்றார் கென்ரிக், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து.

அவன் கடைசித் துண்டு வரை சாப்பிட்டு முடித்தான். "அடுத்த வெள்ளிக்கிழம இந்தக் கடை இருக்காதே... நான் எங்க வர்றது?"

அய்சுலுவின் கண்முன் அம்மாவின் முகம் வந்தது. இன்னும் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டே ரொட்டி பொரிக்கிற முகம்.

"வீட்டுக்கு வா. அம்மாகிட்ட நீ யாருன்னு நீயே சொல்லு. கத்துவாங்க. அடிச்சாலும் அடிப்பாங்க. அந்தச் செவுத்தப் பத்தி ஒண்ணுவிடாம சொல்லு. அவங்களுக்கும் தெரியணும்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு உன்னைப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்றேன்."

மழையில் நனைந்து சில்லிட்டிருந்த அவன் கையைப் பிடித்தாள். இந்த முறை விடவில்லை. கென்ரிக் வந்து ஒன்பதாம் கணினியை அணைத்தார்.