முறிக்காத அமிலம்

வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே, ஒரு நாயின் காதை மேசைமேல் வைத்தார்.

"இது என் மானப் பிரச்சினைங்க. இதுக்குக் காரணம் என் மச்சினன்தான்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுக்கணும்."

செத்த விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி, பஞ்சு திணித்து, உயிருள்ளவை போல நிறுத்தி வைப்பது அவர் தொழில். பட்டறை அவர் வீட்டுப் பின்னறை. தனியாக வாழும் ஒரு டீச்சர் தன் நாயைக் கொடுத்திருந்தார். எட்டே மாதத்தில், ஆசையாய்த் தடவிய டீச்சரின் கையோடு காது வந்துவிட்டது. மனைவியின் தம்பி, தோல் பதப்படுத்தப் பயன்படும் சமையல் சோடா டப்பாவில் எதையோ கலந்துவிட்டான் என்று சொல்லி, போன வாரம் அவனை வீட்டைவிட்டே துரத்தியிருந்தார் பட்டறைக்காரர்.

கேட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளரை ஊரே 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். பக்கத்தில் பேசத் துடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய கூட்டாளி, ஓய்வு பெற்ற தபால்காரர். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"மச்சினன்தான். வேற யாரு?" என்றார் தபால்காரர்.

நிதானம் ஒரு நீல லிட்மஸ் தாளை நனைத்துக் காதின் கிழிசலில் ஒட்டினார். தாள் சிவந்தது.

"உள்ள இன்னும் அமிலம் இருக்கு. வாங்க, உங்க பட்டறையைப் பார்ப்போம்."

பின்னறையில் தொட்டி நிறைய அமில ஊறல். அதில் யாரோ வீட்டுப் பூனையின் தோல் கிடந்தது. பட்டறைக்காரரின் மனைவி கதவருகே நின்றாள்.

"ஊறின தோலை யார் சோடாத் தண்ணியில போடுவாங்க?" என்று கேட்டார் நிதானம்.

"நான்தான். பதினஞ்சு வருஷமா எல்லாம் என் கைதான். இவ சும்மா கழுவிக் கொடுப்பா. அந்த நாய் வந்தப்போ இவ ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தா. அதனால கழுவினதும் நானே."

"சோடா போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? உப்பு மாதிரிக் கரையும்."

நிதானம் ஒரு கிண்ணத்தில் ஊறல் தண்ணீரை மொண்டு வைத்தார். "டப்பாவுல இருந்து ஒரு பிடி போடுங்க."

போட்டதும் நுரை புஸ்ஸென்று பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. பட்டறைக்காரர் துள்ளிப் பின்வாங்கினார்.

"பார்த்தீங்களா, என்னமோ கலந்திருக்கான்."

மனைவி அசையவில்லை. கந்தையை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

"எதுவும் கலக்கல. சுத்தமான சோடா," என்றார் நிதானம். "அமிலத்துல பட்டா அது பொங்கும். அமிலம் முறியுதுன்னு அர்த்தம். பதினஞ்சு வருஷமா போட்டவர் இதைப் பார்த்துத் துள்ளமாட்டார். உங்க வீட்டுல இவங்க 'சும்மா கழுவுறது'தான் அமிலத்தை முறிக்கிற வேலையே. அந்த நாய்த் தோலை நீங்க வெறும் தண்ணியில அலசிட்டீங்க. மிச்ச அமிலம் எட்டு மாசமா உள்ள இருந்து தோலைத் தின்னிருக்கு."

"கிழிஞ்சது போ," என்றார் தபால்காரர்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இந்தப் பட்டறைக்காரர் அதற்காக ஒருவனை நடுத்தெருவில் நிறுத்தியவர். கதை சொல்லும் எனக்கே அவர்மேல் இரக்கம் வரவில்லை.

நிதானம் மனைவியிடம் திரும்பினார். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வீடு திரும்பின அன்னிக்கே. தோல் மொறமொறன்னு இருந்துச்சு. டப்பாவுல சோடா நான் வெச்ச அளவுலயே இருந்துச்சு. அப்பவே மறுபடி ஊறவெச்சுச் சரி பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

"ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னு சொன்னார், நீ இல்லாம ஒரு வேலையும் நிக்கலைன்னு. சரி, பார்க்கலாம்னு விட்டுட்டேன். அது என் தம்பி தலையில விடியும்னு நினைக்கல. அவனைத் துரத்தினப்பவாவது சொல்லியிருக்கணும். வாய் வரல. பாவம், அந்த டீச்சர் என்ன பண்ணாங்க?"

நிதானம் கொண்டுவந்திருந்த நாய்க் காதை அவள் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டினாள். முதலில் தம்பியிடம், பிறகு டீச்சரிடம் என்று நிதானத்திடம் மட்டும் சொன்னாள்.

பட்டறைக்காரர் தொட்டியைப் பார்த்தார். "பூனையை இன்னிக்கு எடுக்கணுமே. சோடா எவ்வளவு போடணும்?"

பதினைந்து வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் தொழில் கேள்வி அது.

"கூடினா முடி கொட்டும்," என்றாள் அவள், திரும்பாமல். "குறைஞ்சா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துட்டீங்க."