கண் பார்க்காத அரக்கு நிறம்

"என் வீட்டுக்காரர் அன்னிக்கு அந்தப் பக்கமே போகல சார். ஆனா படத்துல இருக்கிறது அவரோட சட்டை மாதிரிதான் இருக்கு."

சொல்லிவிட்டு, லாரி ஓட்டுநரின் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். மருந்துக் கிடங்கில் பட்டப்பகலில் எவனோ பொறுப்பாளரின் மண்டையில் அடித்துவிட்டு ஒரு பெட்டியோடு ஓடியிருந்தான். பொறுப்பாளருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. முற்றத்துக் கேமராவில் ஓடியவனின் முதுகு மட்டும் விழுந்திருந்தது. அரக்கு நிறச் சட்டை. வாசலில் காவலுக்கு நின்றது அவளுடைய தம்பி. அரக்குச் சட்டையோடு அத்தான் ஓடியதைக் கண்ணால் கண்டதாக அவனே போலீசிடம் சொல்லியிருந்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை என்று அக்காவிடம் அழுதானாம். அவள் கணவனைப் போலீஸ் கைது செய்துவிட்டது.

துப்பறிவாளர் படத்தை இரண்டு முறை ஓடவிட்டார். உதவியாளராக இருந்த இளம்பெண் சட்டையையே உற்றுப் பார்த்தாள். அவர் முற்றத்து மரத்தைக் காட்டினார்.

"இலையெல்லாம் ஏம்மா இப்படி வெளுத்திருக்கு?"

மறுநாள் இருவரும் கிடங்குக்குப் போனார்கள். உதவியாளர் வெயிலில் ஓர் அரக்குச் சட்டையையும் கிடங்குக் காவலாளிகளின் கறுப்புச் சீருடையையும் பிடித்து நிற்க, அவர் உள்ளே திரையைப் பார்த்தார். மாலையில் ஓட்டுநரின் மனைவிக்கு ஆள் அனுப்பினார். தம்பிதான் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டான், கீழேயே நின்றுகொண்டான்.

"நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளியும் வெயில்ல இருக்கும்மா. கேமராவுக்கு அது தெரியும். அதைத் தடுக்க உள்ளே ஒரு கண்ணாடி வச்சிருப்பாங்க. இதைப் பழுது பார்த்தவன் அதை மாட்டாம விட்டுட்டான். அதனால அந்தக் கறுப்புத் துணி இதுல அரக்கா விழுது. நிஜ அரக்கு வெளுத்துப் போயிடுது."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ அவர் இல்லன்னு ஆயிடுச்சா?"

உதவியாளர் தரையைப் பார்த்தாள். துப்பறிவாளர்தான் சொன்னார்.

"ஓடினவன் போட்டிருந்தது கறுப்பு. நேர்ல பார்த்தவங்களுக்குக் கறுப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். அரக்கு அந்தப் படத்துல மட்டும்தான் இருந்துச்சு. உங்க தம்பி அதைக் கண்ணால பார்த்தேங்கிறார்."

மேற்கொண்டு அவர் விளக்கவில்லை. தம்பியின் கறுப்புச் சீருடையைத் துவைத்துப் போடுபவள் அவள்தான். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அவள் கணவன்.

"படம் தப்புன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்க முடியாதா சார்?"

முடியாது என்றார். தம்பியின் சாட்சி நிற்கும்வரை அவள் கணவன் வெளியே வர முடியாது.

அவளுடைய கைபேசி ஒலித்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான் தம்பி.

"இதோ வரேன்டா" என்றாள், பழக்கத்தில். ஆனால் எழுந்திருக்கவில்லை.