ஙகரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், கணபதி வட்டாரத்தில் லேத் பட்டறைக்காரர்கள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுக் கறிச்சோற்றுக்குப் போய்விட்ட நேரத்தில், ஜெப்ரியின் ஹெட்போனுக்குள் யாரோ ‘ங்...’ என்றார்கள்.

மிக மெல்லிய சத்தம். கிரைண்டரை அணைத்த பிறகும் கல் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி நிற்குமே, அந்த மாதிரி. கணினித் திரையில் எதுவும் ஓடவில்லை. எர்த் கோளாறு என்று பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். நின்றுவிட்டது. தலைமுடியைக் கோதிக்கொண்டு கேமராவைப் பார்த்து உட்கார்ந்தான்.

ஜெப்ரியை வெறும் ஜெப்ரி என்றால் அவனுக்குப் பிடிக்காது. விசிட்டிங் கார்டில் ‘ஒலிச்சிற்பி’ என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தான். மோட்டார் பம்பு விளம்பரங்களுக்கு டிங்டிங் போட்டுக்கொண்டிருந்தவனைச் சிற்பியாக்கியது ஒரே ஒரு வீடியோ கேம். பூட்டிக் கிடக்கும் பஞ்சாலைக்குள் ஆடுகிறவர் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒன்று தேடிக்கொண்டு வரும். அது வருமுன் ஒரு முனகல் எழும். அந்த முனகலுக்கு அவன் வைத்த பெயர் ‘ஙகரம்’. எங்கோ ஸ்வீடனில் ஒருவன் கேம் ஆடும் வீடியோவில் அதைக் கேட்டு ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். அந்த வீடியோவைப் பார்க்காமல் ஜெப்ரிக்குக் காலைக் காபி இறங்காது. வருகிற வாரம் சென்னையில் ஙகரத்துக்கு விருது. ஏற்புரையில் எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்திருந்தான்.

திரையில் இஃப்ரா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண். கேம் இசைக்கென்றே ஒரு சேனல் நடத்துகிறாள்.

“சில கேம் மியூசிக் மட்டும் வருசக்கணக்கா மனசுல ஒட்டிக்குதுங்களே, எப்படீங்க சார்?”

“சினிமா மியூசிக்க நாம பாக்கறோம். கேம் மியூசிக் நம்மளப் பாக்குது,” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். காலையில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வரி. “நீங்க எதாச்சும் செய்யற வரைக்கும் அது முடியாது அம்மணி, சுத்திச் சுத்தி வரும். ஙகரத்துல அடுக்கு வெச்சிருக்கேன். அது தூரத்துல இருந்தா முனகல். பக்கத்துல வந்தா தட்டற சத்தம். ரொம்பக் கிட்ட வந்துட்டா மூச்சு. நீங்க அதப் பாத்தா மியூசிக் வராது. அது உங்களப் பாத்துட்டாத்தான் வரும்.”

“அப்பத் தப்பிக்கவே முடியாதுங்களா?”

“பத்திரமான ரூம் ஒண்ணு இருக்குது. உள்ள போயிக் கதவச் சாத்துனா நிசப்தம். மௌனந்தான் என்னோட ஒசந்த படைப்பு.” பிறகு மௌனத்தின் மகிமையைப் பற்றி நிறுத்தாமல் பேசினான்.

இஃப்ரா கொட்டாவியை விழுங்கினாள். “க்ரெடிட்ல பன்னாட்டு இசைக்குழுன்னு போட்டிருக்கீங்களே. எந்த நாடுங்க?”

“கலைக்கு ஏது அம்மணி நாடு?”

“சரிங்க, அந்தக் குரலு?”

“மங்கோலியத் தொண்டைப் பாட்டு. ஆயிரம் வருச மரபு.”

“எட்டு மடங்கு வேகமா ஓட்டிப் பாத்தேனுங்க சார்.” அவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. “மங்கோலியாவுல ‘சார், கதவத் தொறந்து உடுங்க’ன்னு பாடுவாங்களா?”

ஜெப்ரியின் கை மௌஸைத் தேடியது.

“யாருங்க அது? நாளைக்கே இதச் சேனல்ல போடப்போறேன். அப்பறம், உங்களுக்குப் பின்னாடி முனகறது யாருங்க?”

அழைப்பைத் துண்டித்தான். திரும்பவில்லை.

பின்னால் பாடும் அறை இருந்தது. இரட்டைக் கண்ணாடி, பஞ்சு வைத்துத் தைத்த சுவர், பெட்டகம் மாதிரிக் கனத்த கதவு. உள்பக்கக் கைப்பிடி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. விருது வரட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

கேம் வேலை நடந்தபோது அந்த அறையில் பாட வந்தவள் அருள்செல்வி. பங்குக் கோயில் பாடகர் குழுவில் தாழ்ந்த குரல் பாடுகிறவள். ஆஸ்துமாக்காரி. பூசை முடிந்து, குழுவினர் கட்டும் அதே நீலப் புடவையோடு வந்திருந்தாள். அவள் ஒவ்வொரு முறை பாடி முடித்தபோதும் ஜெப்ரி ஹெட்போனைக் காதோடு அழுத்தி, தலையைச் சாய்த்து, “உயிர் பத்தல. இன்னொரு டேக்,” என்றான். மூச்சு வாங்குதுங்க சார் என்றாள். “அந்த இழுப்புத்தான் வேணும், நில்லு,” என்று கதவைச் சாத்திவிட்டு, போன் வந்ததென்று கீழே போனான். மூச்சு மருந்து கைப்பையில் இருந்தது. கைப்பை வெளியே சோபாவில் இருந்தது. மலேசியாக்காரன் ஒருவனுக்குத் தன் கலையை விளக்கி முடிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அறையை நன்றாகக் கட்டியிருந்தார்கள். ஒரு தட்டல்கூட வெளியே வரவில்லை.

மைக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசி மூச்சுவரை அவள் மரியாதை ‘ங்க’வை விடவில்லை. அதைத்தான் அவன் எட்டு மடங்கு இழுத்தான். சொல்லெல்லாம் கரைந்து ‘ங்’ மட்டும் நின்றது. அடக்கத்துக்கு ஸ்டுடியோ முத்திரை போட்ட மலர்வளையம் கொண்டுபோனான். பாடிக்கொண்டே ஆண்டவரிடம் போய்விட்டாள் என்று கல்லறையில் பேசினான். அவளுடைய அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கோணுமுங்க,” என்று அழுதாள்.

மூலப் பதிவு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அது இல்லாவிட்டால் இஃப்ராவிடம் இருப்பது வெறும் சந்தேகம். விருது விருதாகவே வரும். கோப்பைத் தேடி அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். நாற்காலியில் சாய்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எதிரே சுவரில் விருதுக்கென்று ஏற்கெனவே அடித்துவைத்திருந்த ஆணியைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டபோது, அடைத்த அறையின் பழைய பஞ்சு வாடைக்குள் எங்கிருந்தோ மல்லிகையும் மெழுகுவத்திப் புகையும் கலந்த பூசை மணம் ஏறிவர, முனகல் மறுபடி தொடங்கியது.

ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கினான். ஸ்பீக்கர் விளக்கு அணைந்தது. முனகல் நிற்கவில்லை.

ங்...

அது பார்த்துவிட்டது. அவன் வகுத்த விதிதான். அவனுக்குத் தெரியாதா?

படிக்கட்டுப் பக்கத்துக் கதவில் தட்டும் சத்தம். பலமாக இல்லை. தொந்தரவு செய்வதற்குக் கூச்சப்படுகிற தட்டல். இரண்டாவது அடுக்கு.

ஜன்னல் இல்லை. ஒலி வரக்கூடாதென்று அவனே செங்கல் வைத்து அடைத்திருந்தான்.

தட்டல் கதவிலிருந்து சுவருக்கு வந்தது. சுவரிலிருந்து சோபாவுக்கு. மேசைக்கு.

பிறகு மூச்சு. பிடரியில். இழுத்து இழுத்து. ஈரமாக.

ஓடினான். நிசப்தம் இருக்கும் ஒரே அறைக்கு. கனத்த கதவை இழுத்துச் சாத்தினான்.

நின்றது. எல்லாம் நின்றது. தன் இதயம் மட்டும் கேட்டது. சிரித்துவிட்டான். பத்திரமான ரூம்! அவன் சொன்னபடியே.

சிரித்துக்கொண்டே கைப்பிடியைத் தேடினான்.

இல்லை.

தள்ளினான். மோதினான். போன் வெளியே. ஏசி சுவிட்சு வெளியே. காற்று கனத்தது. கதவின் பஞ்சு உறையில், அவன் முகத்துக்கு நேரே, நகத்தால் கிழித்த கோடுகள். கீழிருந்து மேலாக.

கண்ணாடிக்கு அந்தப்புறம் அவனுடைய நாற்காலி மெல்லத் திரும்பியது.

நீலப் புடவை. ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்தி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தொறந்து உடுங்க!” அவளுக்கு அவன் ‘ங்க’ போட்டது அதுதான் முதல் தடவை. “அம்மணி! தொறந்து உடுங்க... உடுங்க...”

அவள் விரல், பாடுகிறவரிடம் பேசும் பொத்தானை அழுத்தியது. அறைக்குள் தொங்கிய ஹெட்போன் கரகரத்தது.

“உயிர் பத்தல,” என்றாள். ‘ங்க’ இல்லை. “இன்னொரு டேக்.”

மைக்கின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.